ராயபுரத்து ரவேராக்கள்

கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இன்னாசி ரவேரா ஓர் இத்தாலியர். ஐம்பத்தாறு வருடங்களில் இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. பார்த்தால் தெரியாது என்பது உண்மைதான். நிறம், லாரிகள் போய்த் தேய்ந்த எண்ணூர் சாலையின் நிறம். மூக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கீழே இறங்கியிருக்கும். அந்த மூக்கைக் குடும்பத்தின் முதல் ஆவணமாக அவர் கருதினார். ஆதாரம் கேட்பவர்களுக்கு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டுவார்.

சரித்திரம் வருமாறு. அவருடைய தாத்தாவின் பெயர் யோவான் ரவேரா. ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு சந்தில், 1926-இல் பிறந்த ஒரு பையனுக்கு ரவேரா என்ற பெயர் எங்கிருந்து வரும்? இத்தாலியின் துறைமுக ஊரான ஜெனோவாவிலிருந்து வரும். தாத்தாவின் தகப்பனார் ஜெனோவாவிலிருந்து வந்த கப்பலின் கேப்டன். அன்னம்மாள் என்ற ராயபுரத்துப் பெண்ணைப் பார்த்தார், கோயிலில் கட்டினார், அடுத்த பயணத்தில் புயலில் போய்ச் சேர்ந்தார். அன்னம்மாளின் பிள்ளையை வளர்த்த தோணிக்காரர் தாவீது, பிறகு வந்து சேர்ந்தவர். இன்னாசி இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் கப்பல் கொஞ்சம் பெரிதாகும். தாவீது கொஞ்சம் சிறிதாவார்.

யார்டில் அவருக்குப் பெயர் 'தொர'. கூட வேலை பார்க்கும் அப்பாவு, டீ இடைவேளைதோறும் கேட்பார்: "இன்னா தொர, உங்க ஊர்ல இப்ப மழையா, வெயிலா?"

"குளிரு" என்பார் இன்னாசி, நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்தபடி.

இப்படியே அவர் ஓய்வுபெற்று, இத்தாலியராகவே இறந்து, ராயபுரத்திலேயே புதைக்கப்பட்டிருப்பார். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 2024 நவம்பரில் அவர் மகள் சில்வியாவுக்குக் குவைத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

சில்வியாவுக்கு இருபத்தேழு வயது. தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருடமாகப் பரீட்சை எழுதி, நேர்காணலுக்கு அலைந்து, குவைத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருட ஒப்பந்த வேலை வாங்கியிருந்தாள். வருகிறேன், வரவில்லை என்பதை ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

அம்மா ஹில்டா மாதா படத்துக்குப் பூ வாங்கி வந்தாள். இன்னாசி பூவைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், தலையாட்டினார்.

"வாணாம்."

"இன்னா வாணாம்?" என்றாள் சில்வியா.

"குவைத்துக்கு நீ காண்ட்ராக்ட்ல போவே. இத்தாலிக்கு நீ சொந்தக்காரியா போவே. எது மரியாதி?"

"சொந்தக்காரின்னா? வூட்டு சாவிய குடுத்துட்டுப் போயிக்கிறாரா உங்க கேப்டன்?"

சாவி இல்லை, சட்டம் இருந்தது. கல்மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முபாஷிர் அதைக் கைப்பேசியில் காட்டியிருந்தான். இத்தாலியில் பிறந்தவனின் வாரிசு என்று நிரூபித்தால் போதும், எத்தனை தலைமுறை தாண்டினாலும் குடியுரிமை உண்டு. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பிறப்புச் சான்று வேண்டும். அவ்வளவுதான். "நாலே நாலு பேப்பர் மாமு. அப்பால நீ ஐரோப்பா" என்றான் முபாஷிர்.

சில்வியா உடனே நம்பிவிடவில்லை. ஒரு வாரம் யோசித்தாள். மூன்றாம் வகுப்பிலிருந்து கேட்டு வந்த கேப்டன் அந்த ஒரு வாரத்தில் அவளுக்குள் மெதுவாக எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "சரி, ஜனவரி கடைசி வரைக்கும் டைம் கீது. அதுக்குள்ள பேப்பர் வந்தா இத்தாலி, வரலைன்னா குவைத்து" என்றாள். நியாயமான பேச்சு. இந்தக் கதையில் நியாயமான பேச்சு அதோடு முடிகிறது.

முதல் பேப்பருக்காக இன்னாசி யார்டில் விடுப்புப் போட்டுப் பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றுக்குப் போனார். பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர் ராமசெல்வி என்ற அம்மாள். தெற்கத்திக்காரர், பொறுமைசாலி. 1926-ஆம் வருடத்துப் புத்தகத்தை ஒரு நோயாளியை இறக்குவது போல இரண்டு கையாலும் இறக்கி வைத்தார்.

"யோவான் ரவேரா. பிப்ரவரி மாசம்" என்றார் இன்னாசி.

"பேரைச் சொல்லாதீங்க சார். பேர் இருக்காது."

"இன்னாமா, பேர் இல்லாமயா?"

"அப்பல்லாம் பொறந்த கையோட வந்து எழுதிட்டுப் போயிடுவாங்க. பேர் அப்புறந்தான் வைப்பாங்க. ஆண் குழந்தையா பெண் குழந்தையா, தகப்பன் யாரு, என்ன தொழில், எந்தத் தெரு. அவ்வளவுதான் இருக்கும்."

தெருவைச் சொன்னார் இன்னாசி. ராமசெல்வியின் விரல் பக்கத்தில் இறங்கியது. அந்த மாதம் அந்தத் தெருவில் நான்கு ஆண் குழந்தைகள் பிறந்திருந்தன. தகப்பன்மார் முறையே சூசை, தாவீது, மரியதாஸ், இன்னொரு சூசை. நால்வருக்கும் தொழில் தோணி.

"இதுல உங்க தாத்தா எதுன்னு சொல்லுங்க, நகல் தர்றேன்."

"எங்க தாத்தாவோட அப்பா கேப்டன்மா."

"கேப்டன் யாரும் வந்து எழுதலையே சார்."

"கப்பல்ல இருந்திருப்பாரு."

"அப்ப கப்பல்லதான் கேக்கணும்" என்றார் ராமசெல்வி. கிண்டலாக அல்ல, அரசு ஊழியருக்குரிய மெய்யான அக்கறையோடு.

இரண்டாவது வரியில் இருந்த தாவீதை இன்னாசியின் கண் பார்த்தது. மூளைக்குச் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் வழி அடைத்துக்கொண்டதால் அந்தப் பக்கத்திலிருந்து வரலாம் என்றான் முபாஷிர். ஜெனோவாவுக்குப் பக்கத்தில் ரவேராக்கள் நிறைய வசிப்பதாகத் தெரிந்த ஒரு சின்ன ஊரின் நகராட்சிக்கு, கைப்பேசியே மொழிபெயர்த்துக் கொடுத்த இத்தாலிய மொழியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் பதில் வந்தது. ரவேரா என்று கூப்பிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்; முழுப்பெயர் வேண்டும்; உங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கக்கூடும்; அன்பான வணக்கங்கள். கடைசி வரியை இன்னாசி நான்கு முறை படிக்கச் சொன்னார். சொந்தக்காரர்கள் நலம் விசாரித்துவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து அறிவித்தார்.

செய்தி பரவியது. 'ரவேரா குடும்பம் ரோம்' என்று வாட்ஸப்பில் ஒரு குழு முளைத்தது. பொங்கலுக்குள் அதில் நாற்பத்தொரு பேர். பதினோரு வருடமாகப் பேசாமலிருந்த ஒரு சித்தப்பா வகையறா கொடி அசைத்துக்கொண்டு உள்ளே வந்தது. காத்திவாக்கத்தில் இறால் வியாபாரம் செய்யும் இன்னாசியின் அக்கா அடைக்கலமேரி, தினமும் காலையில் குரல் அனுப்பினாள்: "டேய் இன்னாசி, அங்க எறா கெடைக்குமா, இல்ல இங்கேந்தே கட்டிக்கினு போவணுமா?"

ஜனவரி இருபத்தைந்து, சனிக்கிழமை, இன்னாசி பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். உதவிப் பங்குத்தந்தை அலெக்ஸாண்டர் இளவயதுக்காரர். குருமடத்தில் படித்த லத்தீனைப் பயன்படுத்த இதுவரை யாரும் வாய்ப்புத் தராததால் உற்சாகமாக இருந்தார். இரும்பு அலமாரியிலிருந்து பதிவேடு வந்தது. பூச்சி தின்ற ஓரங்கள். நடுவில் எழுத்து தெளிவாக, பிடிவாதமாக நின்றது.

"இதோ இருக்காரு! ரவேரா!" என்றார் ஃபாதர்.

இன்னாசி எழுந்து நின்றுவிட்டார். தேசிய கீதம் கேட்ட மாதிரி.

"பிப்ரவரி இருபத்தொண்ணு, ஞாயிற்றுக்கிழமை. குழந்தை பேரு யோவான். தகப்பன், தாவீது, தோணிக்காரர். தாய், அன்னம்மாள், மேற்படியாரின் முறையான மனைவி."

"ரவேரா எங்க ஃபாதர்?"

"அடுத்த வரி. ஞானத் தகப்பன், ஜியோவான்னி பத்திஸ்தா ரவேரா, ஜெனோவா ஊர்க்காரர், கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுபவர்."

இன்னாசி உட்கார்ந்தார். ஒரே மூச்சில் இரண்டு இறக்கம்: தகப்பனிலிருந்து ஞானத் தகப்பன், கேப்டனிலிருந்து கரி அள்ளுபவர்.

"ஓரத்துல ஒரு குறிப்பும் இருக்கு" என்றார் ஃபாதர். "ஞானத் தகப்பனாக வர வேண்டிய தாயின் சகோதரன் மரியான் அதற்குரிய நிலையில் இல்லாதபடியால், பூசை காண வந்திருந்த மேற்படி ரவேரா கேட்டுக்கொள்ளப்பட்டார்."

"நிலையில இல்லைன்னா? ஒடம்புக்கு இன்னா?"

"லத்தீன்ல கொஞ்சம் மரியாதையா எழுதியிருக்காங்க. குடிச்சிருந்தாரு."

ஞானஸ்நானத்துக்கென்று வாசல் தாண்டிய பிள்ளையை, அதைக் கொடுக்காமல் திரும்பத் தூக்கிப் போவதில்லை என்பது அந்தத் தெருவின் வழக்கம். இன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்க வேண்டிய ஞானத் தகப்பன் வரவில்லையென்றால் கோயிலுக்குள் எவன் கண்ணில் படுகிறானோ அவன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடுவார்கள். இன்னாசியே இரண்டு முறை அப்படி நின்றிருக்கிறார். ஒரு முறை அவர் போயிருந்தது செருப்பைத் தேட.

"உங்க தெருவுல பேரு எப்படி வைப்பீங்க?" என்று கேட்டார் ஃபாதர்.

"தலைச்சன் ஆம்பளப் புள்ளைன்னா ஞானத் தகப்பன் பேர வெப்போம். எனக்கே பாருங்க, வலைக்கடை இன்னாசின்னு ஒருத்தரு என்னிய..."

வாக்கியம் அங்கே நின்றது. ஜியோவான்னி என்பது நம்மூர் யோவான். வழக்கப்படி அந்தப் பாதிப் பெயரை எடுத்திருந்தால் போதும். வெள்ளைக்காரர் பெயர் ஆயிற்றே, மிச்சம் வைப்பானேன் என்று அன்னம்மாள் வீட்டார் குடும்பப்பெயரோடு முழுசாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மூன்று தலைமுறை அந்தப் பெயருக்கு ஏற்ற ஒரு தகப்பனைத் தேடியிருக்கிறது.

ஃபாதர் சான்று எழுதி, முத்திரை குத்தி, கையில் கொடுத்தார். "வாழ்த்துகள்" என்றார், பழக்கத்தில்.

அந்தத் தாளைக் கிழித்துக் கடலில் போட்டிருக்கலாம். கரையான் தின்றுவிட்டது என்றிருக்கலாம். இன்னாசி மீன்பிடித் துறைமுகத்து மதில் ஓரமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டையும் யோசித்தார். குவைத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பெண்ணின் பிழைப்பு கெட்டுவிடக் கூடாது; உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். வாழ்க்கையில் அவர் எடுத்த மிக நல்ல முடிவு. எடுத்த நேரம்தான் ஐம்பத்தாறு வருடம் பிந்திவிட்டது.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் கூடினார்கள். அடைக்கலமேரி ஒரு கூடை இறாலோடு வந்திருந்தாள். ஹில்டா தொக்கு வைத்துக்கொண்டிருந்தாள். சில்வியா மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இன்னாசி கூடத்து நடுவில் நின்று சான்றை உயர்த்திப் பிடித்தார்.

"நாம இத்தாலி இல்ல."

"அப்ப யாரு?" என்றாள் ஹில்டா அடுப்படியிலிருந்து.

"ராயபுரம்."

விவரம் சொன்னார். தாவீது, கரி, மரியான் மாமன் எல்லாம் சொன்னார். முடிந்ததும் அடைக்கலமேரி தாளை வாங்கி, படிக்கத் தெரியாதவளுக்கே உரிய கவனத்தோடு பார்த்தாள்.

"சரி, தாவீதுன்னு எழுதிக்கிறாங்க. எழுதாம? புருசங்காரன் பக்கத்துல நின்னுகினு கீறான், சாமியாரு எதிர்ல கீறாரு, இவ வேற பேரையாடா சொல்லுவா?"

"அக்கா, நீ நம்ம கொள்ளுப்பாட்டியப் பத்திப் பேசறே."

"பெருமையாத்தான் பேசறேன்."

"மாமன் குடிச்சிட்டாரு, அதான் அந்தாள இஸ்துகினு வந்து நிக்க வெச்சிக்கிறாங்க. ஓரத்துலயே எழுதிக்கீது!"

"டேய், எந்த மாமன்டா குடிக்கல? வாராவாரம் ஒருத்தன் குடிச்சிட்டுத்தான் கோயிலுக்கு வரான். எத்தினி தபா வெள்ளக்காரன் வந்து நின்னான்? அன்னம்மா புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்கு நின்னான்?"

இந்தக் கேள்விக்குப் பதில் பதிவேட்டில் இல்லை.

"அதான!" என்றாள் ஹில்டா, கரண்டியோடு வெளியே வந்து. இருபத்தொன்பது வருடமாகக் கேப்டனைக் கேலி செய்து வந்தவள். "உன் மூக்கு பின்ன எங்கேந்து வந்துச்சாம்? நான் எங்கம்மா வூட்லல்லாம் சொல்லிட்டேன்யா. இப்ப போய் கரி அள்றவன், ஞானத் தகப்பன்னு பேஜார் பண்ணாதே."

சான்றின் படம் குழுவில் ஏறியது. நாற்பது பேர் கைதட்டினார்கள். ஆவணத்தில் ரவேரா என்ற பெயர் அச்சு அசலாக இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது; எந்த வரியில் என்பதை ஆராய நேரமில்லை. ஆக, ஒரு கத்தோலிக்கக் குடும்பம் தன் கொள்ளுப்பாட்டியின் மானத்தை, சாப்பாட்டுக்கு இலை போடும் முன்பே, ஒருமனதாக இத்தாலிக்கு எழுதிக் கொடுத்தது. எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர். அவரைச் சாப்பிட உட்காரச் சொன்னார்கள். பதிவேட்டில் யாரும் மறுக்காத ஒரே செய்தி, மாமன் குடித்திருந்தது.

சில்வியா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இன்னாசி பின்னாலேயே தெருவுக்குப் போனார்.

"நீ குவைத்துக்கு சரின்னு எழுதிடு கண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நவம்பர்ல போவாதேன்னே."

"சொன்னேன். தப்பு."

"பேப்பர் வந்தா இத்தாலின்னு பேச்சு. பேப்பர் வந்துடுச்சி. இப்ப குவைத்துன்றே."

"அது அந்தப் பேப்பர் இல்லம்மா."

"நைனா, எனக்குத் தெரியும். இத்தாலி போனா நான் திரும்ப மாட்டேன்னு உனக்கு பயம். குவைத்துன்னா ரெண்டு வருசம், வந்துடுவேன். அதான் நேத்து பூரா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு திரிஞ்சே. இப்ப ஞானத் தகப்பன் கதை உடறே."

"கதையில்ல. சீலு கீது பாரு."

"இத்தினி வருசம் சீலு இல்லாமயே சொன்னே. நம்பினேன். இப்ப சீலக் காட்டி இல்லைன்றே. நான் எந்த இன்னாசிய நம்பறது?"

பேருந்து வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க இன்னாசி உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். திங்கள் காலை சொன்னார்; சில்வியா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். அவள் இத்தாலி மொழி கற்க ஆரம்பித்திருந்தாள். செவ்வாய்க்கிழமை ஃபாதர் அலெக்ஸாண்டரை அழைத்து வந்து சொல்ல வைத்தார். ஃபாதர், பதிவேட்டில் உள்ளதைத்தான் நான் சொல்ல முடியும், பதிவேட்டில் இல்லாததைப் பற்றித் திருச்சபை எதுவும் சொல்வதில்லை என்றார். "கேட்டியா!" என்றாள் ஹில்டா வெற்றியோடு, அவருக்குக் காப்பி கொடுத்தபடி. வியாழக்கிழமை கல்மண்டபத்துக்குப் போய், சில்வியா பெயரில் சம்மதம் அனுப்ப முடியுமா என்று முபாஷிரைக் கெஞ்சினார்.

"பாஸ்வேர்டு அவங்களுது மாமு. அதுவும் இல்லாம, நீ இன்னாத்துக்கு இப்டி உல்ட்டா அடிக்கிறே? எல்லாம் ஷோக்காதானே போய்க்கினு கீது?"

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இன்னாசி யார்டில் இருந்தார். வண்டியின் முன்கரங்கள் ஒரு பெட்டியைத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றன. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஐந்தைத் தாண்டியது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"இன்னா தொர, சரக்க எறக்கு. மேல வெச்சிக்கினே வூட்டுக்குப் போவப் போறியா?" என்றார் அப்பாவு.

இன்னாசி இறக்கினார்.

மார்ச் மாதக் கடைசியில் இத்தாலி அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இனிமேல் அப்பா அம்மா, மிஞ்சினால் தாத்தா பாட்டி. அதற்கு மேலே ஏறிப் போய் வாரிசு கொண்டாட முடியாது. முபாஷிர் படித்துக் காட்டியது குழுவிலும் ஏறியது. பிறகு அடைக்கலமேரியின் குரல் வந்தது.

"பயந்துட்டானுங்க. நாப்பத்தியோரு பேரும் வர்றோம்னு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க."

இந்த விளக்கம் எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. ஒரு நாடே ராயபுரத்துக்குப் பயந்து கதவைச் சாத்தியது என்பது, கேப்டனை விடப் பெரிய கௌரவம். சித்தப்பா வகையறா மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டது.

சில்வியா குவைத்துக்கு எழுதிப் பார்த்தாள். இடங்கள் நிரம்பிவிட்டன, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அன்பான வணக்கங்கள் இல்லை. மறுநாள் காலை இன்னாசி அவளை வண்டியில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். இறங்கியவள் உள்ளே போகாமல் நின்றாள்.

"நைனா, அந்த ஞானத் தகப்பன் கதை நெசமா?"

"நெசம்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அவள் பையின் வாரைச் சரிசெய்தாள். "அப்ப அத்த அழுத்தமா சொல்லியிருக்கணும் நீ."

"அழுத்தமாத்தானம்மா சொன்னேன்."

"இன்னும் அழுத்தமா சொல்லியிருக்கணும்."

இன்னாசி யோசித்துப் பார்த்தார். அதற்கு மேல் எப்படி அழுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவள் படியேறி உள்ளே போய்விட்டிருந்தாள். வாசலில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று காவலாளி விசில் ஊதினான்.